நாற்பதைக் கழித்தால்

ஆகஸ்ட் 4, திங்கள்

கர்ப்பிணிகள் வார்டில் இன்று முதல் நாள். பெரியாஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், மாடியில், இரண்டு வரிசைக் கட்டில்கள். தலைக்கு மேலே ஓடுகிற மின்விசிறிகளின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. எனக்கு மட்டுமில்லை, யாருக்குமே விழாது.

இந்த மாதம் முழுக்க இங்கேதான். இதற்குள் ஒரு நாள் செய்முறை மதிப்பீடு வைப்பார்கள். அதில் தேறினால்தான் கடைசி வருடப் போர்டு தேர்வுக்கு விடுவார்கள். தேறாவிட்டால் ஒரு வருடம் போச்சு, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் எல்லார் முகத்திலும் முழிக்க வேண்டும்.

மதிப்பெண் போடப்போவது ஹில்டா மேடம். எங்களை மேற்பார்வை பார்க்கக் காலேஜிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த வருடம்தான் சேர்ந்தார். வந்த நாளிலிருந்தே அவருக்கு என்மேல் ஒரு கண். மற்ற பிள்ளைகளுக்கு நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். என்னிடம் மட்டும் நடந்து வந்து, முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறார். நான் என்ன திருடித் தின்றேன் என்று வாயை மோந்து பார்க்கிறாரா தெரியவில்லை. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னது நான்தான் என்று யாரோ வத்தி வைத்திருக்க வேண்டும்.

பர்சானாவும் என் வார்டுதான். கீழக்கரைக்காரி. முதல் வருடத்திலிருந்து ஒரே அறை. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், மேடம் கூப்பிட்டால் உடனே என் முழங்கையை இடிப்பாள். நான் கவனிக்காமல் பராக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று எல்லாருக்கும் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல வழி இருக்கிறதா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எல்லாக் கட்டிலுக்கும் பி.பி. பார்க்கச் சொன்னார்கள். எனக்குக் கொடுத்த வரிசையை நான்தான் முதலில் முடித்தேன். வார்டு பொறுப்பு ராஜாமணி சிஸ்டர், “பரவால்லயே, கைவேகம் இருக்கு இந்தப் பிள்ளைக்கு” என்றார்.

வேகத்துக்குக் காரணம் உண்டு. மற்றவர்கள் ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து ‘டக் டக்’ எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது நிற்கிறது என்று தவம் கிடப்பார்கள். நான் மணிக்கட்டில் விரலை வைத்துவிடுவேன். கையில் சுற்றிய பட்டையில் காற்று ஏறினால் நாடி நின்றுபோகும். இறக்கும்போது மறுபடி விரலில் துடிக்கும் இடம்தான் மேல் அளவு. முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்ததுதான், குறுக்குவழி ஒன்றுமில்லை. கீழ் அளவுக்கு மேலே இருந்து நாற்பதைக் கழித்துவிடுவேன். நல்ல உடம்புக்கு நாற்பதுதான் வித்தியாசம் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. ஸ்டெத்தைக் காதில் மாட்டாமல் பார்ப்பதில்லை, மாட்டிக்கொண்டுதான் பார்க்கிறேன். என் ஸ்டெத் மட்டமானது, அதற்கு நான் என்ன செய்ய?

நான் முடித்த பிறகு ஹில்டா மேடம் என் வரிசையில் மறுபடி ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்த்தார். பர்சானாவின் வரிசைக்குப் போகவில்லை. மற்றவர்களின் வரிசைக்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஜன்னலோரக் கட்டில் அம்மா என்மேல் புகார் சொல்லியிருக்கிறாள். குளுக்கோஸ் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டாளாம், நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டேனாம். ராஜாமணி சிஸ்டர் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். “என்னமோ மகராணி மாதிரில்ல போற. பேஷண்டு கத்துறது காதுல விழுகலையா ஒனக்கு?”

காதில் விழுகலையா என்று எப்படிக் கேட்கலாம்? கோபத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த அம்மா என் இடது கைப் பக்கம் படுத்திருந்தாள். குரலே எழும்பாத ஆள். கூப்பிட வேண்டியவர்கள் நேராக முகத்தைப் பார்த்துக் கூப்பிட வேண்டியதுதானே.

ஹில்டா மேடம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மதியத்துக்கு மேல் என்னை எதிர் வரிசைக்கு மாற்றிவிட்டார். அந்த வரிசையில் நடந்து போனால் கட்டிலெல்லாம் என் வலது பக்கம் வரும். எனக்கு அது வசதிதான், ஆனால் ஏன் மாற்றினார்? காரணம் சொல்லாமல் நல்லது செய்கிற ஆளை நான் நம்பமாட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாடிப்படிக்குக் கீழே பர்சானாவும் மேடமும் காதைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

யூனிஃபார்ம் துவைத்துக் கஞ்சி போட்டேன். இந்த ஹாஸ்டல் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகவே இருப்பதில்லை. கொண்டை வலை ஒன்று கிழிந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும். எனக்குக் காது மூடுகிற மாதிரித் தாழக் கொண்டை போட்டால்தான் பொருந்தும்.

அம்மா போன் பண்ணினாள். எடுத்ததும் அதே கேள்விதான். “பஞ்சு மாத்துனியாத்தா? ஒழுகுதா இன்னும்?” அறையில் ஆள் இருக்கும்போது ஸ்பீக்கரில் கேட்கிற மாதிரிக் கத்துகிறாள். பர்சானா தலையைத் திருப்பிக்கொண்டாள். கேட்டிருப்பாள்.

சின்ன வயதில் கண்மாயில் குளித்துச் சீழ் வைத்தது. இடது காது மட்டும்தான். ஜலதோஷம் வந்தால் கொஞ்சம் ஒழுகும், கொஞ்சம் அடைக்கும். யாருக்குத்தான் அடைக்காது? காலேஜில் சேரும்போது உடல் தகுதிச் சான்றிதழ் கேட்டார்கள். கையெழுத்துப் போட்ட டாக்டர் நிமிர்ந்து என் முகத்தையே பார்க்கவில்லை, பிறகு காதை எங்கே பார்க்க? அது என் தப்பா?

அப்பாவின் தங்கை ஒருத்தி கமுதியில் இருக்கிறாள். ஊரில் அவளுக்குச் செவிடி என்றுதான் பேர். அப்பாவே, “செவிடி சாப்பிட்டாளா?” என்றுதான் கேட்பார். அவளுடைய நிஜப் பேர் எனக்கே தெரியாது. கல்யாண வீட்டில் அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். எனக்கு அந்தப் பேர் வந்தால் நான் செத்தே போவேன். இதை இந்த நோட்டில் எழுதக்கூடக் கூடாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பர்சானா என்னைக் கேட்காமல் என் ஸ்டெத்தை எடுத்துவிட்டாள். அவளுடையது அறையில் விட்டுப் போச்சாம். அதை வைத்து ஒரு கட்டிலுக்கு முழுதாக பி.பி. பார்த்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“இதுல நல்லாத்தானடி கேக்குது.”

பிடுங்கிக்கொண்டேன். “அடுத்தவ காதுல மாட்டுறத எடுத்து மாட்டுறியே, அசிங்கமா இல்ல?” என்று கத்திவிட்டேன். கர்ப்பிணிகளெல்லாம் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பர்சானா பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சண்டைக்குச் சண்டை போடுகிறவளாக இருந்தால்கூட நம்பலாம். அமைதியாக இருக்கிறாள் என்றால் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 13, புதன்

நான் நினைத்தது சரியாகப் போயிற்று. காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து அவரவர் பார்த்த அளவைச் சொல்லச் சொன்னார் மேடம். என் முறை வந்தது. சொன்னேன். மேடம் என் எதிரே வந்து நின்றார்.

“காளீஸ்வரி, நீ பாக்குற எல்லாருக்கும் மேலுக்கும் கீழுக்கும் சரியா நாப்பதுதான் வித்தியாசம் வருது. அது எப்படிம்மா?”

“எல்லாரும் நல்ல ஆரோக்கியமா இருக்காங்க மேடம்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. “எதாவது கஷ்டமா இருந்தா எங்கிட்டச் சொல்லலாம்” என்றார். வாயைப் பிடுங்கப் பார்க்கிறார். சொன்னதும் நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போவார், சாயங்காலமே அப்பாவுக்குப் போன் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா?

பர்சானாதான் போட்டுக் கொடுத்திருக்கிறாள், சந்தேகமே இல்லை. மூன்று வருடம் ஒரே பக்கெட்டில் துணி துவைத்தவள்.

இனிமேல் நாற்பது கிடையாது. ஒருத்திக்கு முப்பத்தாறு, ஒருத்திக்கு நாற்பத்திநாலு, ஒருத்திக்கு முப்பத்தெட்டு என்று மாற்றி மாற்றிப் போட வேண்டியதுதான். இன்று மதியமே அப்படித்தான் போட்டேன். மேடம் வழக்கம்போல என் பின்னாலேயே எல்லாக் கட்டிலையும் மறுபடி பார்த்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலில் கொடியேற்றினார்கள். ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாயும் லட்டும். எனக்கு டியூட்டி இருந்ததால் வார்டுக்கு வந்துவிட்டேன்.

கடைசிக் கட்டிலில் தேன்மொழி என்று ஒரு பெண். என் வயதைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும். தலைப்பிரசவம், எட்டாம் மாதம். ரத்தம் குறைவென்று சேர்த்திருக்கிறார்கள், காலும் வீங்கியிருக்கிறது. இந்த வார்டிலேயே என்னைக் கண்டால் முகம் மலர்கிற ஒரே ஆள் இவள்தான். “நீங்கதான் சிஸ்டர் நின்னு கேக்குறீங்க. மத்தவங்கள்லாம் பாதியிலயே ஓடிர்றாங்க” என்று எல்லாரிடமும் சொல்கிறாள். மேடத்துக்கு இதையெல்லாம் கேட்க நேரமிருக்காது.

இன்று அவளுடைய மாமியார் டீ வாங்கக் கீழே போன நேரத்தில் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப நேரம் பேசினாள். அழுதாள். மின்விசிறிச் சத்தத்தில் பாதி விழுந்தது, பாதி விழவில்லை. புருஷன், வீடு என்று ஏதோ. ஒருத்தி அழும்போது ‘என்ன சொன்னீங்க, மறுபடி சொல்லுங்க’ என்றா கேட்பது? கையைத் தடவிக்கொடுத்தேன், தலையாட்டினேன். கடைசியில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, “யார்கிட்டயும் சொல்லிராதீங்க சிஸ்டர்” என்றாள். அது நன்றாகப் புரிந்தது.

“சொல்லவே மாட்டேன்” என்றேன். அவளுக்கு மனசு லேசாகிவிட்டதாம். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஒரு நர்சுக்கு வேறென்ன வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பொறி வைத்துவிட்டார்.

மதிப்பீடு புதன்கிழமை என்று அறிவித்துவிட்டு, மேடம் ஒரு படம் காட்டினார். இரட்டை ஸ்டெத்தாம். நெஞ்சில் வைக்கிற வில்லை ஒன்றுதான், அதிலிருந்து இரண்டு குழாய், இரண்டு பேர் மாட்டிக்கொள்ள இரண்டு சோடி. மாணவி கேட்பதையே மேடமும் அதே நேரத்தில் கேட்பார். அவர் காதில் சத்தம் எங்கே நிற்கிறதோ அந்த எண்ணை நான் சொல்ல வேண்டும். நாளை மதியம் காலேஜுக்குப் போய் எடுத்து வரப்போகிறாராம். எல்லாருக்கும்தான் இது என்றார். எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியாதா?

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பர்சானா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். ஸ்டெத் சண்டைக்குப் பிறகு இன்றுதான் பேசுகிறாள். விளக்கை அணைக்கவில்லை, என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“காளி, புதன்கிழம ஒனக்கு எந்தக் கட்டில் வருதோ, அத நான் முன்னாடியே பாத்து வச்சிர்றேன். மேடத்துக்குப் பின்னாடி நின்னு வெரல்ல காட்டுறேன். நீ பாத்துச் சொல்லிரு.”

“எதுக்கு? எனக்குப் பாக்கத் தெரியாதா?”

“தெரியும்டி. சும்மா, ஒரு தைரியத்துக்கு.”

எதற்காக இவள் எனக்கு உதவ வேண்டும்? தப்பான எண்ணைக் காட்டிக் கவிழ்க்கப் பார்க்கிறாள். அதுவும் மேடம் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும். வேண்டாமென்று சொல்லிவிட்டு வலது பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டேன். அப்படிப் படுத்தால் யார் என்ன பேசினாலும் என் தூக்கம் கெடாது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மேடம் மதியத்தோடு காலேஜுக்குப் போய்விட்டார். சாயங்கால டியூட்டியில் என் பின்னால் யாரும் வராததே ஒரு விடுதலை. வார்டைக் கூட்டிப் பெருக்கியதுபோல மனசு காலியாக இருந்தது.

தேன்மொழி முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பட்டையைச் சுற்றும்போது அப்படியே படுத்தபடி ஏதோ முனகினாள். நாளைக் கவலை எனக்கு. “சரியாப் போயிரும், தூங்குங்க” என்று தட்டிக்கொடுத்தேன். மேலே 136. எப்போதும் 110தான் இருக்கும். கீழே என்ன போடுவது? நாற்பதைக் கழித்தால் 96 வரும். தொண்ணூறைத் தொட்டாலே ராஜாமணி சிஸ்டர் டாக்டரைக் கூப்பிடுவார், டாக்டர் மறுபடி பார்ப்பார், யார் பார்த்தது, எப்படிப் பார்த்தாய் என்று கேள்வி வரும். மதிப்பீட்டுக்கு முந்தின நாள் இது தேவையா? 88 என்று போட்டேன்.

சிஸ்டர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு இதை வேறு மாதிரி எனக்கே சொல்லிக்கொள்வேன்.

கட்டில் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். எனக்குத் தேன்மொழி வந்தாள். மதிப்பீடு என்பதால் காலை அளவுகளை யாரும் பார்க்கக் கூடாதென்று மேடம் சொல்லியிருந்தார், நாங்கள் பார்ப்பதுதான் காலை அளவு. மேடத்துக்குப் பின்னால் பர்சானா நின்றாள். அவள் விரல்கள் சும்மா தொங்கின. அவளிடம் எண் இல்லை. காட்டியிருந்தால் நம்பியிருப்பேனா என்பது வேறு.

மேடம் ஒரு சோடியை மாட்டிக்கொண்டார், நான் ஒன்றை மாட்டிக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் குழாய். நாடியில் விரலை வைத்துக் காற்றை ஏற்றினேன். நூறைத் தாண்டி, நூற்றி இருபதைத் தாண்டி ஏற்றினேன், நாடி நிற்கவே இல்லை. நின்ற பிறகு மெல்ல இறக்கினேன். நூற்றைம்பதில் விரலில் துடித்தது. அப்புறம் காதில் எனக்குக் கேட்டது ‘உஸ்’ என்று ஒரு காற்றுதான். எனக்கு எப்போதும் கேட்பது அதுதான். முள் இறங்கிக்கொண்டே இருந்தது. முப்பத்தாறு, நாற்பத்திநாலு எல்லாம் பயத்தில் மறந்துபோய்விட்டன. பழைய நாற்பதுதான் வாயில் வந்தது.

“நூத்தம்பது, நூத்துப் பத்து, மேடம்.”

மேடம் காதிலிருந்து கழற்றினார். “சரி” என்றார். “சரியாச் சொல்லிட்ட.” சொல்லிக்கொண்டே மறு கையால் ராஜாமணி சிஸ்டரைக் கூப்பிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தேறிவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்பது சரியாக வந்திருந்தது. பர்சானா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டியூட்டி டாக்டர் வந்தார். நேற்றைய அளவைப் பார்த்தார். “நேத்துச் சாயங்காலம் எண்பத்தெட்டுதான இருந்துருக்கு? ஒரே ராத்திரில இப்படி ஏறாது. இத்தன பேரு சுத்தி நின்னா பயத்துல ஏறத்தான் செய்யும். கொஞ்சம் படுக்கட்டும், அப்புறமாப் பாப்போம்” என்று அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

தேன்மொழி என் கையைப் பிடித்து இழுத்தாள். இந்தத் தடவை என்னை நேராகப் பார்த்தே பேசினாள், ஒரு சொல் விடாமல் புரிந்தது.

“நேத்தே சொன்னேன்ல சிஸ்டர். தல வெடிக்கிற மாதிரி வலிக்கி, கண்ணு முன்னாடி மின்னுதுன்னு. சரியாப் போயிரும்னு சொன்னீங்களே. டாக்டர்கிட்டச் சொல்லலியா?”

டாக்டர் நின்றுவிட்டார். “நேத்தே சொன்னாங்களா? எத்தன மணிக்கு? எண்பத்தெட்டு பாத்தப்பவா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் பேச்சா அவள் பேச்சா என்றால், வெள்ளை யூனிஃபார்ம் போட்டிருந்தது நான்தான். அந்த நினைப்பு வந்தது, பொய் சொல்லக் கூடாது, வந்தது. அவள் கை சூடாக என் கையில் இருந்தது. முகம் ஒரு ராத்திரிக்குள் ஊதியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“எண்பத்தெட்டு நானாப் போட்டது டாக்டர். அவங்க என்னமோ சொன்னாங்க, எனக்குக் கேக்கல. ஸ்டெத்துலயும் எனக்கு எதுவும் கேக்காது. இப்பச் சொன்ன நூத்துப் பத்தும் கேட்டுச் சொன்னது இல்ல.”

என் குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்கு ஒருநாளும் தெரிவதில்லை.

அதற்குப் பிறகு யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது. வலிப்பு வராமலிருக்க இரண்டு இடுப்பிலும் ஊசி போட்டுப் பிரசவ வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமியார் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நான் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வேறு எதைச் செய்ய யார் என்னை விடுவார்கள்?

ஆகஸ்ட் 21, வியாழன்

தேன்மொழிக்கு ராத்திரியே ஆபரேஷன். வலிப்பு வரவில்லை. பெண் குழந்தை, ரொம்பச் சின்னது, இன்குபேட்டரில் வைத்திருக்கிறார்கள். பர்சானா போய்ப் பார்த்து வந்து சொன்னாள்.

காலையில் மேடம் கூப்பிட்டார். ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை நாளும் ஏன் முகத்துக்கு நேரே வந்து நின்றார் என்று அப்போதுதான் உறைத்தது.

“எப்பலேர்ந்து தெரியும் மேடம்?”

“காது விஷயம் மொத நாளே தெரியும். நாப்பது விஷயம் கொஞ்சம் தாமதமாத்தான் தெரிஞ்சுது.”

“பர்சானா சொன்னாளா?”

“அவ ஒரு வார்த்த சொல்லல. அடுத்த மாசமும் ஒன்னோடவே போஸ்டிங் போடச் சொல்லி மாடிப்படிக்கிட்ட வந்து கேட்டா. ஏன்னு கேட்டதுக்கு, அவ இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராதுன்னா.”

கேட்டுவிடுவது என்று கேட்டேன். “நேத்து உண்மைய நானாத்தான சொன்னேன் மேடம். நம்பரும் சரின்னு சொன்னீங்களே.”

மேடம் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். “நேத்து ஒன் நம்பர் சரியா இருந்துச்சு. அதான் எனக்குப் பயமே. காதுக்காக நான் யாரையும் ஃபெயில் பண்ண மாட்டேன். அதுக்கு வைத்தியம் இருக்கு, சத்தத்தக் கூட்டித் தர்ற ஸ்டெத் இருக்கு. எண்பத்தெட்டுக்கு என்னால மார்க்குப் போட முடியாது காளீஸ்வரி.”

ஃபெயில். பிப்ரவரியில் இதே வார்டில் மறுபடி முதலிலிருந்து. போர்டு தேர்வு அடுத்த வருடம்.

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை. “நான் பண்ணுனதும் தப்பு” என்றார். “நீயா வாயத் தெறந்து சொல்லணும்னு காத்துக்கிட்டு, ஒன் பின்னாடியே போய்ப் போய்ப் பாத்தேன். செவ்வாக்கிழம மட்டும் பாக்கல. அன்னிக்கே ஒன்ன நிறுத்தியிருக்கணும். அதப் பிரின்சிபால்கிட்ட நான் சொல்லிட்டேன்.”

இவரை நம்பலாமா என்று இன்னும் தெரியவில்லை. பழகிப்போன புத்தி, ஒரே நாளில் போகாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காதுப் பிரிவு. இடது காதுச் சவ்வில் ஓட்டை. வலதிலும் கேட்கிறது குறைந்திருக்கிறதாம். வீட்டுக்குச் சொன்னேன். அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார், அம்மா அழுதாள்.

ஆகஸ்ட் 23, சனி

பர்சானா என் தலையைப் பின்னிவிட்டாள், காது தெரிகிற மாதிரி. “அன்னிக்கு வெரல்ல சரியான நம்பரத்தான் காட்டியிருப்பியா?” என்று கேட்டேன். சீப்பால் மண்டையில் ஒன்று போட்டாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தேன்மொழியைப் பார்க்கப் போனேன். தையல் வலியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்து வேறு ஆளாகத் தெரிந்தாள். என்னைக் கண்டதும் அதே மலர்ச்சி.

“வாங்க சிஸ்டர். நீங்க அன்னிக்கு வாயத் தெறந்து சொன்னதாலதான் ஒடனே பாத்தாங்களாம், மேடம் சொன்னாங்க. பிள்ளைய இப்பக் கொஞ்சம் கையில குடுக்குறாங்க.”

கட்டிலைச் சுற்றிப் போய், அவள் என் வலது பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்தேன்.

“எனக்கு ஏன் வாயத் தெறக்க வேண்டி வந்துச்சுன்னு மேடம் சொல்லலியா? நீங்க வலிக்குதுன்னு சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல. சும்மா தலையாட்டுனேன். எனக்குக் காது மந்தம்.”

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. மெல்லத்தான் போயிற்று.

“அப்ப, கொடியேத்துன அன்னிக்குச் சொன்னது?”

தலையாட்டாமல் வாயால் சொன்னேன். “அதுவும் கேக்கல. நீங்க அழுதது தெரிஞ்சுது, அவ்வளவுதான்.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“இப்பச் சொல்லுங்க” என்றேன். “இந்தப் பக்கம் கேக்கும். கேக்கலன்னா மறுபடி கேப்பேன்.”

அவள் வாசலைப் பார்த்தாள். வெந்நீர் ஃப்ளாஸ்கோடு மாமியார் வந்துகொண்டிருந்தார். தேன்மொழி போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, எனக்குப் புரிகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

“இல்ல சிஸ்டர். அது ஒரு தடவதான் வாய்ல வந்துச்சு.”